நாய்க்குக் காலிற்பட்ட காயமும் வீட்டிற் செய்யத்தக்க சிகிச்சையும்

கரிசற்காட்டில் ஆட்டுக்கிடை போடுகிற குடியானவனுக்கு நாய் ஒரு வேலையாள். அறுவடை முடிந்த புஞ்சையில் எருவுக்காக மந்தையை மறித்துவிட்டு, நரிக்கும் திருடனுக்கும் அஞ்சி இரவெல்லாம் காவல் இருப்பவன் சிறிது கண்ணயர்வது நாயின் காதை நம்பியே. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கங்களில் வேம்பூர் ஆடு வளர்ப்போருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாய் ஒரு நாட்காலை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலால் நொண்டி வருமாயின், அன்றிரவே கிடைக்குக் காவல் குறைந்தது என்று பொருள்.

ஆயினும், மாட்டின் குளம்பிற் புண் கண்டால் அன்றே வைத்தியரைத் தேடுகிற குடும்பத்தார்கூட, நாயின் கால் என்றால் "தானே நக்கி ஆற்றிக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது, இரக்கம் மேலிட்டால், கைக்கு அகப்பட்டதையெல்லாம் அதன்மேல் அப்புகிறார்கள். இவ்விரண்டில் பின்னதே தீமை மிகுந்தது. இரண்டு நாளில் ஆறத்தக்க சிறு கீறல் ஒரு மாதத்துப் புண்ணாவது பல சமயங்களில் அதன்மேல் வைக்கப்பட்ட பொருளினாலேதான். நாயின் பாதத்துக்கு வீட்டிற் செய்யக்கூடிய நல்ல சிகிச்சைக்கு வேண்டியவை நீர், உப்பு, சுத்தமான துணி, பொறுமை ஆகிய நான்கே. இவற்றால் ஆகாத காயம் எது என்று கண்டறிந்து, அதை மட்டும் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுசெல்லத் தெரிந்தால் போதும்.

கரிசல் நிலத்தில் நாயின் கால் கெடுவதற்குப் பருவத்துக்கு ஒரு காரணம் உண்டு. இம்மண்ணிலுள்ள களி, ஈரம் பட்டால் உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதுமான இயல்புடையது. 1901-ஆம் வருஷத்தில் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்படுத்தப்பட்டதற்கே இம்மண்ணும் இதில் விளையும் பருத்தியும்தான் காரணம் எனலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்தக் களி நாயின் விரலிடுக்குகளில் அப்பி, உருண்டையாகத் திரண்டு, காய்ந்தபின் கல்லைப்போல் இறுகிவிடும். நாய் நடக்க நடக்க அவ்வுருண்டை மென்மையான தோலை அராவி ரணமாக்கும். தை மாசி மாதங்களில் கம்பும் சோளமும் அறுத்த தாள்கட்டைகள் ஈட்டிபோல் நிற்கும். ஓடுகிற நாய்க்குப் பாதம் கிழிவது அப்போதுதான். பங்குனிக்கு மேல் நிலம் பாளம் பாளமாய் வெடிக்கிறது. அவ்வெடிப்பில் கால் இறங்கி முறுக்கிக்கொண்ட நாய்க்கு வெளியே காயம் தெரியாது. உள்ளே எலும்பு விரிந்திருக்கலாம். சித்திரை வைகாசி நடுப்பகலில் தார்ச்சாலையின் சூடு பாதத்தின் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். புறங்கையைச் சாலையின்மேல் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால், அச்சாலையில் நாயை நடத்திச் செல்வது தகாது. முள்ளுக்கோ பருவமே இல்லை. உடைமுள், கருவேலமுள், நெருஞ்சில் ஆகியவை பழைய பகைவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்து, இன்று தரிசையும் கண்மாயையும் ஒருங்கே பிடித்துக்கொண்ட வேலிக்கருவேல் அவற்றுடன் சேர்ந்துகொண்டது.

இவ்வட்டாரத்தின் நாய்கள் பெயர் பெற்றவை. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் இந்தக் கரிசல் பூமிக்கே உரியவை. அருகிலுள்ள ராஜபாளையத்தின் பெயர் கொண்ட நாய்க்கு 2005-ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான உடலும் நீண்ட காலும் குறுகிய மயிரும் உடையவை, ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. அவற்றின் தோல் மெல்லியது. பாதத்தைக் காக்க அடர்ந்த மயிரும் இல்லை. ஆகவே இவ்வினங்களுக்குப் பாதக்காயத்தில் அதிக ஜாக்கிரதை தேவை. தெருவில் திரியும் நாட்டு நாய்க்கும் இங்குச் சொல்லும் முறைகள் யாவும் பொருந்தும்.

பாதத்தின் அமைப்பைச் சற்று அறிந்துகொண்டால் சிகிச்சையின் காரணம் விளங்கும். நாயின் பாதத்தில் விரலுக்கு ஒன்றாக நான்கு சிறு மெத்தைகளும் நடுவில் ஒரு பெரிய மெத்தையும் உண்டு. முன்னங்காலில், மணிக்கட்டுக்குப் பின்னால் இன்னும் ஒரு சிறு மெத்தை இருக்கும். மேலே தடித்த தோலும் உள்ளே கொழுப்பும் நாருமாக, வண்டிக்கு வில் அமைந்ததுபோல் உடலின் பாரத்தைத் தாங்குபவை இவை. இவற்றுக்குள் இரத்தக் குழாய்கள் மிகுதி. அதனால்தான் சிறிய வெட்டிலும் இரத்தம் பார்ப்பவர் பயப்படுமளவு பெருகுகிறது. அன்றியும், நாய் அடி வைக்கும்போதெல்லாம் மெத்தை அகன்று, வெட்டின் வாய் திறக்கிறது. உடலின் வேறிடத்திற் பட்ட காயம் ஒரு வாரத்தில் கூடுமானால், ஆழமான மெத்தைக்காயம் கூட இரண்டு மூன்று வாரம் ஆவது இயல்பு. மருந்து பலிக்கவில்லை என்று நான்காம் நாளே மருந்தை மாற்றுவதும், ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தெறிவதும் இதை அறியாமையால் நேர்கின்றன.

சிகிச்சைக்கு முன்னதாக ஒன்று செய்ய வேண்டும். அது நாயின் வாயைக் கட்டுவது. பத்து வருஷம் கையில் சோறுண்ட நாயும் வலி மிகும்போது கடிக்கும். அதை நன்றிகேடு என்று எண்ணுவது பிசகு. அது வலியின் செய்கை. இரண்டு முழ நீளமுள்ள மெல்லிய துணிப்பட்டையை எடுத்து, நடுவில் ஒரு சுருக்கு வைத்து, மூக்கின்மேல் மாட்டி, முனைகளைத் தாடையின்கீழ் ஒருமுறை குறுக்கே போட்டு, காதுகளுக்குப் பின்னால் உருவிக்கொள்ளும்படி முடிய வேண்டும். மூக்குத் துவாரங்கள் அழுந்தலாகாது. வாந்தியெடுக்கிற நாய்க்கும், மூச்சு முட்டுகிற நாய்க்கும் வாய்க்கட்டுப் போடக்கூடாது. நாய் தன் உடற்சூட்டை ஆற்றுவது நாக்கை நீட்டி இளைப்பதனாலேயாகையால், வெயிலில் நெடுநேரம் வாயைக் கட்டி வைப்பதும் அபாயம். ஒருவர் தலையை அணைத்துப் பேச்சுக்கொடுக்க, மற்றொருவர் காலைப் பார்ப்பதே நலம். குழந்தைகளை அவ்விடத்தில் நிற்கவிடலாகாது.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் காரணம் வெறிநோய். நொண்டி வந்த நாய் முள் தைத்து நொண்டுகிறதா, வேறு நாயோடு சண்டையிட்டுக் கடிபட்டு நொண்டுகிறதா என்பதை முதலில் ஆராய வேண்டும். பல்லின் குறி இரண்டு மூன்று துளைகளாக, எதிரெதிரே அமைந்து காணப்படும். கடித்த நாய் இன்னது என்று தெரியாவிட்டால், அது வெறிநாயாக இருக்கலாம் என்றே கொள்ளல் வேண்டும். அப்போது கையில் உறை மாட்டிக்கொண்டு, சோப்பும் ஓடும் நீருமாகக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் சேர்ப்பித்து, கடிக்குப் பின் போடவேண்டிய தடுப்பூசிகளை முறைப்படி போடுவிக்க வேண்டும். முன்னரே வருஷந்தோறும் ஊசி போட்ட நாயானாலும் இதை விடலாகாது.

சிகிச்சை செய்யும்போது நாய் மனிதரைக் கடித்துவிட்டால், அல்லது கையிலுள்ள கீறலில் அதன் எச்சில் பட்டுவிட்டால், அதற்கும் முதற்சிகிச்சை அதே சோப்பும் நீரும் அதே கால்மணி நேரமுமே. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே செல்ல வேண்டும்; அங்கே ஊசி இலவசம். வெறிநோய்க்கு மனிதரிடத்து முதல் தடுப்பு மருந்தைப் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885-ஆம் வருஷத்தில் கொடுத்து, நாய் கடித்த ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். தென்னாட்டில் குன்னூரில் 1907-ஆம் வருஷத்தில் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. கடிபட்டவர்கள் நெடுந்தூரம் பிரயாணம் செய்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி போட்டுக்கொண்ட காலம் இன்னும் முதியோர் நினைவில் உண்டு. அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ஆம் வருஷத்தில் கைவிட்டது. இப்போது நான்கைந்து தவணையாகக் கையிலேயே ஊசி போடுகிறார்கள். கடி ஆழமானால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். தொப்புள் ஊசிக்கு அஞ்சி இன்றும் மந்திரிப்பவரிடம் செல்வது, இல்லாத ஒன்றுக்கு அஞ்சி உயிரை விடுவதாகும். நோயின் குறி தோன்றிய பிறகு பிழைத்தோர் உலகத்திலேயே மிக மிகச் சிலர்.

இனி, காலைப் பார்க்கும் முறை. வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து, வெதுவெதுப்பான நீர் நிறைந்த ஒரு பாத்திரத்தில் காலை ஐந்து நிமிஷம் அமிழ்த்தி வைத்தால், இறுகிய கரிசல் மண் தானே கரைந்துபோகும். காய்ந்த மண்ணுருண்டையை நகத்தால் பெயர்த்தெடுத்தால் அதனோடு தோலும் வரும். பிறகு ஒவ்வொரு விரலையும் அகற்றி இடுக்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் மெத்தைகளை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்று எழுந்துவிடுவர். குற்றம் விரலிடுக்கிலும் நகத்தின் அடியிலும், முன்னங்காலின் உட்புறத்தில் தரைபடாமல் நிற்கும் தனி நகத்திலுமே அதிகம் ஒளிந்திருக்கும். நொண்டாத காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் வீக்கம் எளிதிற் புலப்படும்.

காயத்தைக் கழுவுவதற்கு உப்புநீரே போதுமானது. அரை லிட்டர் நீரைக் கொதிக்கக் காய்ச்சி, தேக்கரண்டி அளவு உப்பிட்டு ஆறவிட வேண்டும். உப்பு இதற்கு மிகுந்தால் எரிச்சல் உண்டாகும். நாயும் மறுமுறை காலைக் கொடாது. ஆறிய நீரைச் சிறு சொம்பினால் உயரத்திலிருந்து தாரையாக விட்டு, மண்ணும் மணலும் வெளியேறும்வரை கழுவ வேண்டும். கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு முழுப் பாத்திரம் செலவானாலும் தகும். கிடையில் இருப்பவனுக்கு உப்புநீர் அகப்படாவிட்டால், குடிக்கத்தக்க நீர் எதுவாயினும் நன்று. ஊருணியின் கலங்கல் நீர் மட்டும் உதவாது. கழுவியபின் கடையில் விற்கும் போவிடோன் அயோடின் என்னும் செந்நிற மருந்தை, இளந்தேநீரின் நிறம் வரும்வரை நீர் கலந்து, ஒருமுறை ஊற்றலாம். அதை நீர் கலவாமல் தினந்தோறும் ஊற்றுவது, புதிதாக வளரும் தசையை நாளும் வெட்டுவதற்கு ஒப்பு.

இரத்தம் பெருகினால் கழுவுவதற்கு முன்னர் அதை நிறுத்த வேண்டும். சுத்தமான துணியை நாலாக மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கையால் அழுத்தி, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம் விடாமற் பிடிக்க வேண்டும். நின்றதா என்று நிமிஷத்துக்கொருமுறை எடுத்துப் பார்ப்பதனால், உறைந்துவந்த இரத்தம் பெயர்ந்து, மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க நேரிடும். துணி நனைந்துவிட்டால் அதை எடாமல் அதன்மேல் வேறொன்றை வைக்க வேண்டும். நகம் முறிந்து கசிந்தால், கோதுமை மாவையோ சோளமாவையோ சிட்டிகை எடுத்து நகத்தின் நுனியில் அழுத்துவது உதவும். திறந்த காயத்தில் மாவைப் போடலாகாது. காலின்மேல் கயிற்றை இறுக்கிக் கட்டும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். இரவு கட்டிய கயிற்றைக் காலையில் மறந்ததனால், கயிற்றுக்குக் கீழுள்ள கால் முழுதும் அழுகிப்போக நேரும். கால்மணி நேரம் அழுத்தியும் நில்லாமல், அல்லது விட்டுவிட்டுப் பீறிடும் இரத்தம், வீட்டுச் சிகிச்சைக்கு அடங்கியதன்று.

முள் எடுப்பதில் கரிசல்காட்டாருக்குக் கைப்பழக்கம் உண்டு. முள்வாங்கி இல்லாத அரைஞாண் முன்காலத்தில் அரிது. அதே முள்வாங்கியைக் கொதிநீரிலிட்டு எடுத்து, தைத்த வழியிலேயே, வளைக்காமல் இழுக்க வேண்டும். உடைமுள் நீண்டு நேராக இருப்பதால் முழுமையாக வந்துவிடும். வேலிக்கருவேலின் முள் நுனி உள்ளே முறிந்து தங்கிவிடுவது உண்டு. தங்கிய நுனியைத் தேடி ஊசியாற் குடைவது, ஒரு துளையைப் பத்தாக்குவதே. வெதுவெதுப்பான உப்புநீரில் பத்து நிமிஷம், நாளொன்றுக்கு மூன்று வேளை, இரண்டு நாள் காலை வைத்திருந்தால் பல முட்கள் சீழுடன் தாமே மேலே வரும். மூன்றாம் நாளும் நொண்டினால், வைத்தியர் மரத்துப்போகும் மருந்து கொடுத்து எடுப்பார். ஊசிப்புல்லின் கூர்விதை இதனினும் பொல்லாதது. அது தோலுக்குள் புகுந்தால் முன்னோக்கியே நகரும்; பின்வராது. விரலிடுக்கில் ஒரு சிறு கட்டி உடைந்து, ஆறி, மறுபடியும் வீங்கி உடையுமானால், அவ்விதை உள்ளே பிரயாணம் செய்கிறதென்று ஐயுறலாம். வீட்டில் காலத்தைப் போக்குவதில் பயனில்லை. முள் எடுப்பவர் கையில் அதே முள் தைத்துவிட்டால், தமக்கு ஜன்னி தடுப்பூசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்றென்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஜன்னிக்கு நாயைவிட மனிதனே எளிதில் இரையாகிறான்.

காயத்தின்மேல் வைக்கலாகாதவற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பு தசையைச் சுடும். மிளகாய்ப்பொடி வைப்பது நாய்க்கடிக்கு மருந்தென்று சிலர் நம்புவதுண்டு. அது வெறிநோய்க் கிருமியைக் கொல்வதில்லை, கழுவவேண்டிய நேரத்தை மட்டும் கொல்லுகிறது. காப்பிப்பொடியும் அடுப்புச் சாம்பலும் இரத்தத்தை நிறுத்துவதுபோல் தோன்றும். உண்மையில் அவை காயத்துள் புதைந்து, புறப்பொருளாகத் தங்கிச் சீழ் பிடிக்கச் செய்கின்றன. மஞ்சள் விஷமன்று, ஆயினும் தூளாக அள்ளி அப்பினால் அதுவும் மண்ணைப்போலக் காயத்தை அடைத்து, உள்ளே என்ன நடக்கிறதென்பதையும் மறைத்துவிடுகிறது. மண்ணெண்ணெய், பினாயில், வண்டி மசகு ஆகியவை தோலை வேகவைப்பதோடு நில்லாமல், நாய் நக்குவதனால் வயிற்றுக்கும் செல்லுகின்றன. நாயின் மருந்தைப் பற்றி எவரும் மறக்கலாகாத விதி இது: காலில் வைத்த மருந்தெல்லாம் சிறிது நேரத்தில் வாயில் வைத்த மருந்தாகிவிடும். புகையிலைச் சாறும் சூடமும் இக்காரணத்தாலேயே அபாயமானவை.

புழுப் பிடித்த புண்ணுக்குத்தான் இவ்வகைக் கொடிய பொருள்கள் அதிகம் உபயோகமாகின்றன. ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழு நெளியும். துர்நாற்றமும், நாய் அவ்விடத்தை ஓயாமற் கடித்துக்கொள்வதும் அதன் குறிகள். மேலே தெரியும் புழுக்களை முள்வாங்கியால் எடுத்து உப்புநீரால் கழுவலாம். ஆனால் புண்ணின் வாய் சிறிதாகவும் உள்ளே குகை பெரிதாகவும் இருப்பது வழக்கமாகையால், மிகுதியை வைத்தியரே சுத்தம் செய்து, புழுக் கொல்லும் மருந்தும் கொடுக்க வேண்டும். கழுவிய புண்ணைத் துணியால் மூடிவைத்தால் ஈ அணுகாது; புழுவுக்கு இதனினும் நல்ல மருந்து கிடையாது.

கட்டுப் போடுவதில் இரண்டு பிழைகள் பொதுவாக நேர்கின்றன. ஒன்று இறுக்கம், மற்றொன்று ஈரம். கழுவிய காலை, விரலிடுக்கு உட்பட, நன்றாக ஒற்றி உலர்த்த வேண்டும். காயத்தின்மேல் ஒட்டாத மெல்லிய துணியும், விரல்களுக்கிடையே சிறிது பஞ்சும், அதன்மேல் பஞ்சுறையும் வைத்து, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி வரவேண்டும். நடுவிரல்கள் இரண்டின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி விடவேண்டும். அந்நுனிகளைக் காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து, அவை வீங்கினாலும் குளிர்ந்தாலும் உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். கட்டினுள் ஒரு விரல் நுழைய இடம் இருப்பது அளவு. தினந்தோறும் கட்டை மாற்றுவதும், நனைந்தால் அந்த வேளையிலேயே மாற்றுவதும் அவசியம். மழையில் வெளியே அழைத்துச் செல்லும்போது ஒரு பிளாஸ்டிக் பையை மேலே மாட்டி, வீடு வந்ததும் கழற்றிவிடலாம். பையை நாள் முழுதும் விட்டுவைத்தால், பாதத்தின் வேர்வை உள்ளேயே தங்கிக் காலை ஊறவைத்துவிடும். நாய்க்கு வேர்வை சுரப்பது பாதத்தில்தான். கட்டிலிருந்து நாற்றம் வந்தாலும், நாய் கட்டையே கடித்துப் பிய்த்தாலும் உள்ளே ஏதோ தவறியிருக்கிறது.

நாயின் எச்சிலுக்கு மருந்துச் சக்தி உண்டென்பது பழைய நம்பிக்கை. அதில் சிறிது உண்மை இருந்தாலும், நாக்கின் சொரசொரப்பும் வாயிலுள்ள கிருமிகளும் அந்த உண்மையைத் தோற்கடித்துவிடுகின்றன. ஓயாமல் நக்கப்படும் புண் ஆறுவதில்லை. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரங்களைத் துணியால் மடித்துத் தைத்து, கழுத்தில் மாட்டிவிட்டால் நாய்க்குக் கால் எட்டாது. முதல் நாள் அது சுவரில் முட்டிக்கொண்டு திரியும், மறுநாள் பழகிவிடும். உண்ணும்போதும் நீர் குடிக்கும்போதும் கழற்றிவிட வேண்டும்.

ஓய்வு கொடுப்பதே கிடை நாய்க்குக் கடினம். ஆடு நகர்ந்தால் அதுவும் எழுந்து ஓடும். ஆகையால் காயம் கூடும்வரை அதை ஊரில் நிழலில், சாக்கு விரித்துக் கட்டிவைத்து, அதற்குப் பதிலாக அண்டை மந்தையின் நாயை இரவல் கொள்வது நன்று. இவ்வித இரவலுக்கு ஆட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் இசைவது, சங்கத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதற்கு எவ்விதத்திலும் குறைந்த உதவியன்று.

வலிக்கு மாத்திரை கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் மனிதருக்காக வைத்திருக்கும் இபுபுரோபென், டைக்ளோபெனாக் முதலியவை நாயின் வயிற்றில் இரத்தக்கசிவையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கும். பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். டைக்ளோபெனாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று இந்நாட்டுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. அதனால் 2006-ஆம் வருஷத்தில் அம்மருந்தைக் கால்நடைகளுக்கு உபயோகிப்பதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. நாய்க்கென்று வைத்தியர் எடை பார்த்துக் கொடுக்கும் வலி மருந்து வேறு.

வீக்கம் காயமின்றித் திடீரென்று தோன்றுமானால் முள்ளென்று தீர்மானிக்கலாகாது. மழைக்காலத்தில் வரப்போரத்திலும் கல்லடுக்கிலும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் திரியும். நாய் அலறிக்கொண்டு ஓடிவந்து, சிறிது நேரத்தில் பாதம் வீங்கி, வீக்கம் மேலேறி, துளையிலிருந்தோ ஈறிலிருந்தோ இரத்தம் நில்லாமற் கசியுமானால் அது பாம்புக்கடி. கீறுவதும், உறிஞ்சுவதும், கட்டுவதும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு செல்ல வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மாற்று மருந்து ஒன்றே. அம்மருந்து செய்வதற்கு விஷம் சேகரித்துக் கொடுப்பதில் முதன்மையானது, 1978-ஆம் வருஷத்தில் மகாபலிபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் ஏற்பட்ட இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே என்பதைக் கூட்டுறவாளர்கள் அறிந்திருப்பது தகும்.

இவையன்றி, எலும்பு வெளியே தெரிவதும், கால் ஒரு பக்கம் தொங்குவதும், மெத்தை பிளந்து மடல்போல் ஆடுவதும், கண்ணாடித் துண்டு ஆழத்தில் இருப்பதும், சுரமும் பசியின்மையும் சேர்ந்து காண்பதும், இரண்டு நாள் கழுவிக் கட்டியும் வீக்கம் குறையாமையும் வைத்தியருக்கு உரியவை. தைக்கவேண்டிய காயமானால் தாமதமின்றித் தைப்பதே சுலபம். மறுநாளைக்கு என்று ஒத்திவைத்தால் கிருமி குடியேறிவிடும், தையலும் பிடிக்காது. கோவில்பட்டியில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியும், சுற்றுக் கிராமங்களில் கால்நடை மருந்தகங்களும் உள்ளன. 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியைக் கேட்கலாம். வண்டி வரும்வரை காயத்தின்மேல் ஈரத்துணியை வைத்து மூடி, நாய்க்கு நிழலும் நீரும் கொடுத்திருப்பது போதும்.

ஒவ்வொரு குடும்பமும் இச்சாமான்களையெல்லாம் வாங்கிவைப்பது வீண் செலவு. சங்கக் கட்டடத்தில் ஒரு தகரப்பெட்டி இருந்தால் ஊருக்கே உதவும். காடாத் துணி நான்கு கெஜம் துவைத்து வெயிலில் உலர்த்தியது, பஞ்சு, சுற்றுத்துணிச் சுருள் ஆறு, போவிடோன் அயோடின் புட்டி ஒன்று, உப்புப் பொட்டலம், சோப்பு, முள்வாங்கி, முனை மழுங்கிய கத்தரி, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, வாய்க்கட்டுக்கான பட்டை, இவ்வளவே அதற்குள் வேண்டியவை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நேரும் சிறு காயங்களுக்கும் இதே பெட்டி பயன்படும். எடுத்தவர் எடுத்ததை எழுதிவைத்து, அடுத்த வாரச் சந்தையில் வாங்கித் திருப்பிவிட வேண்டும். கடன் ஏட்டைப் போலவே இதிலும் தவணை தவறலாகாது. காரியதரிசி அந்தக் குறிப்பேட்டிலேயே மற்றொரு பக்கம் ஒதுக்கி, அங்கத்தினரின் நாய் ஒவ்வொன்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும், மூன்று மாதம் நிறைந்த குட்டிகளின் கணக்கையும், அடுத்த ஊசிக்குரிய மாதத்தையும் எழுதி வருவாரானால், கால்நடை மருந்தகத்தாரை ஊருக்கே அழைத்து, எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் ஊசி போடுவித்துவிடலாம்.